ரிப்பேர் செலவை முதலில் படிப்பவர்

கம்பெனிகளின் ஆண்டறிக்கையை அவர் பின்பக்கத்திலிருந்துதான் பிரிக்கிறார். விரல்களில் கிரீஸ் ஒட்டியிருப்பதால் புறங்கையால் தாள்களைத் தள்ளுகிறார். முன்பக்கத்தில் கைகட்டி நிற்கும் தலைவர், மரக்கன்று நடும் இயக்குநர்கள், காரணமில்லாமல் சிரிக்கும் குழந்தைகள் எல்லாரும் மடங்கியபடியே கிடக்கிறார்கள். பொடி எழுத்தில் எண்கள் வரிசையாக இறங்கும் கடைசிப் பக்கங்களில் ஸ்க்ரூடிரைவரின் முனை மெல்ல ஊர்ந்துபோய் ஓரிடத்தில் நிற்கிறது. "இதோ உக்காந்திருக்காரு நம்மாளு" என்கிறார். இயந்திரங்கள், கட்டடங்கள் பராமரிப்புச் செலவு என்ற வரி அது. போன வருடம் எவ்வளவு, இந்த வருடம் எவ்வளவு என்று பார்க்கிறார். பிறகுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறார்.

எங்கள் கட்டடத்தில் ஏழு மாடி. அதற்கும் மேலே, மொட்டைமாடிக்குப் போகும் கடைசிப் படியில், லிஃப்ட் மோட்டார் அறையின் இரும்புக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். மாதத்தில் இரண்டு நாள் எங்களுக்கு. மற்ற நாள்களில் நகரத்தின் வேறு கட்டடங்களுக்கு. வயது ஐம்பத்து மூன்று. லிஃப்ட் மெக்கானிக் வேலையில் முப்பத்தொரு வருடம். நான் நான்காவது மாடியில், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுச்சீட்டுகளை மொழிபெயர்க்கும் அலுவலகத்தில் இருக்கிறேன். "குமட்டல், தலைசுற்றல், அரிதாக மயக்கம்" என்று எழுதி எழுதி எனக்கே அதெல்லாம் வருவதுபோல் இருந்த ஒரு மதியம், காற்று வாங்க மாடிக்குப் போனபோது அவரைப் பார்த்தேன். நான் மொழிபெயர்ப்பதைவிடப் பொடியான எழுத்தை ஒருவர் விரும்பிப் படிப்பதை அன்றுதான் கண்டேன். அதனால் பேச்சுக் கொடுத்தேன்.

"லாபத்த எப்டி வேணா காட்டலாம் மேடம். நாலு பேர வேலைய விட்டுத் தூக்கினா லாபம். ஒரு கட்டடத்த வித்தா லாபம். ஆனா மெஷினுக்கு எண்ணெ ஊத்தினியா இல்லியா? அத மட்டும் மறைக்க முடியாது. ஊத்தலன்னா இன்னிக்கு லாபம், நாளைக்கு சத்தம்."

பங்குச்சந்தையில் பணம் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்திலேயே மூன்று பேர். போனில் பச்சையும் சிவப்புமாகக் கோடுகள் ஏறி இறங்க, அதோடு சேர்ந்து இவர்கள் முகமும் ஏறி இறங்கும். லிஃப்ட்காரர் அந்த ரகம் இல்லை. விலையை ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவைதான் பார்ப்பார். நடுவில் யாராவது "அது ஏறிடுச்சாமே" என்றால் "ஏறட்டும், எறங்கறப்பவும் சொல்லுங்க" என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். தொலைக்காட்சியில் பங்குகளைப் பற்றிப் பேசுகிறவர்கள்மேல் அவருக்குக் கோபம் கிடையாது, பரிதாபம்தான். "காலையிலேருந்து கத்தறாங்க. யாராவது ஒரு வாய் தண்ணி குடுக்கலாம்ல?"

அவர் பார்க்கும் விதமே வேறு. லிஃப்ட் வேலைக்குப் போகிற இடமெல்லாம் ஏதாவதொரு நிறுவனத்தின் அலுவலகம். கீழே வரவேற்பறையில் சலவைக்கல் பளபளக்கும். அதை அவர் நம்புவதில்லை. நேராக மேலே போவார். யாரும் எட்டிப் பார்க்காத மோட்டார் அறையில்தான் ஒரு நிறுவனத்தின் குணம் தெரியும் என்பது அவர் கட்சி. எண்ணெய் சொட்டும் தட்டைத் துடைத்து வைத்திருக்கிறார்களா, பராமரிப்புப் பதிவேட்டில் தேதி விடாமல் கையெழுத்து இருக்கிறதா, உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டார்களா, அட்டையை வைத்து அடைத்தார்களா என்று பார்ப்பார். ஒரு வருடம் பார்த்துவிட்டுத்தான் ஆண்டறிக்கையை வரவழைப்பார். அது சரியாக இருந்தால் அந்தப் பங்கில் பத்து வாங்குவார். பத்தே பத்து.

பார்த்ததை எடுத்துக்கொள்வார், காதில் விழுந்ததை எடுத்துக்கொள்ள மாட்டார். லிஃப்டுக்குள் பெரிய மனிதர்கள் போனில் என்னென்னவோ பேசுகிறார்கள். காக்கிச் சட்டைக்காரன் மூலையில் நிற்பது அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. ஒருமுறை இருவர், இன்னொரு கம்பெனியை வாங்கப் போகிறோம், அடுத்த வாரம் அறிவிப்பு என்று அவர் முன்னாலேயே பேசியிருக்கிறார்கள். அந்தப் பங்கு ஏற்கெனவே அவரிடம் இருந்தது. கூட ஒன்றுகூட வாங்கவில்லை. அடுத்த வாரம் அது துள்ளிக் குதித்தது.

"வாங்கியிருக்கலாமே" என்றேன்.

"கூண்டுக்குள்ள கேட்டது கூண்டோட போயிடணும் மேடம். அதுவுமில்லாம, காது இருக்கே, அது சரியான ஃப்ராடு."

அப்போது அதை ஒரு வேடிக்கைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

லிஃப்ட் வேலைக்குப் போகாத நிறுவனம் என்றால் தொழிற்சாலை வாசலுக்குப் போவார். ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களை எதிர்ப்பக்கத்து நிழலில் நின்று பார்ப்பார். சேர்ந்து பேசிக்கொண்டு வருகிறார்களா, வேகமாகத் தனித்தனியாகப் பிரிந்து ஓடுகிறார்களா? செருப்பு எப்படி இருக்கிறது? காவலாளிக்கு உட்கார நாற்காலி உண்டா? இதில் நான் சிரித்தபோது அவரும் சிரித்தார். ஆனால் பழக்கத்தை விடவில்லை.

அவருடைய மனைவி எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறார். ஊசி குத்துவதே தெரியாது, அப்படி ஒரு கை. வாய்தான் குத்தும். "கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல என்னைய வெளியூரு கூட்டிட்டுப் போனது ஒரே ஒரு தடவை. புதுப்புடவை கட்டிக்கிட்டு, சாப்பாடு கட்டிக்கிட்டு, நாலு மணி நேரம் பஸ்ல போனேன். எங்கன்னு கேளுங்க. பேட்டரி கம்பெனி வாசலுக்கு! நானும் நின்னு பாத்தேன். நல்லாத்தான் சிரிச்சாங்க எல்லாரும். வாங்கினாரு. இன்னிக்கு அது மூணு மடங்கு. அதுக்காக அதைப் போயி ஊரு சுத்திக் காட்டினதா சொல்லுவீங்களா நீங்க?"

அப்போது பதினான்கு நிறுவனங்கள் அவர் பட்டியலில் இருந்தன. லிஃப்டைத் தாங்க ஒரு கம்பிவடமே போதும், ஆனாலும் ஆறு போடுவார்கள் என்று அவர் ஒருநாள் விளக்கினார். அப்படியானால் ஆறு பங்கு போதுமே, பதினான்கு எதற்கு என்று மடக்கினேன். கொஞ்சம் யோசித்து, "மனசு கேக்கல" என்றார். அவர் வேலை பார்க்கும் லிஃப்ட் நிறுவனத்தின் பங்கு மட்டும் பட்டியலில் இல்லை. சம்பளமும் சேமிப்பும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாதாம்.

இந்தப் பதினான்கும் அவருடையவை அல்ல என்று எனக்குத் தெரியவர ஒரு வருடம் ஆயிற்று. எல்லாம் அவர் தம்பியின் பேரில் இருப்பவை. தம்பி இரண்டு வயது இளையவர். முன்பு இவரோடு லிஃப்ட் வேலை பார்த்தவர். இப்போது உதிரிபாகக் கிடங்கில் பொருள் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறார். லிஃப்ட்காரருக்குச் சொந்தமாக வேறொரு சிறிய கணக்கு உண்டு. அந்தப் பத்துப் பத்துப் பங்குகள் அதில்தான் வந்து விழும். ஒரு வருடம் அங்கே கிடந்து, தலை சுற்றாமல் இருந்தால் தம்பியின் கணக்குக்குப் பரிந்துரை. "மொதல்ல நான் ஏறிப் பாத்துட்டுத்தான் அவன ஏத்துவேன்." அப்படி அவர் ஏறிப் பார்த்ததில் இரண்டு நிறுவனங்கள் அடியோடு படுத்துவிட்டன. அந்த இருபது பங்குகளையும் இன்னும் விற்காமல் வைத்திருக்கிறார். விற்றாலும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடக் காணாது. "இருக்கட்டுமே. நம்ம புத்தி எவ்ளோ தூரம்னு நமக்கு ஞாபகம் இருக்கணும்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தம்பி வீட்டுக்குப் போவார். ஒரு மணி நேரம் கணக்குச் சொல்வார். வாங்குவதோ விற்பதோ இருந்தால் தம்பி அதைத் தன் கையால் ஒரு சீட்டில் எழுதித் தர வேண்டும்: இன்ன பங்கு, இத்தனை, விற்கவும். வாயால் சொன்னால் செல்லாது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே எழுதித் தரச் சொல்வாராம். அதை வாங்கிப் படித்து, திரும்ப ஒருமுறை படித்து, அதன் பிறகுதான் தம்பியின் போனில் விரல் வைப்பார். சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருக்கிறார். "எங்க வீட்டு ரிசர்வ் பேங்க்" என்று அவர் மனைவி சொல்வார்.

போன வருடம் வரை பட்டியலில் முதலிடம் ஒரு டைல்ஸ் கம்பெனிக்கு. அதன் தலைமை அலுவலகத்து லிஃப்டை இவர் ஒன்பது வருடமாகப் பார்த்துவந்தார். அங்கே பதிவேடு எழுதிய மனிதருடைய கையெழுத்தின் அழகைப் பற்றி என்னிடமே இரண்டு முறை சொல்லியிருக்கிறார். அதை நம்பித்தான் வாங்கியது. வாங்கியதும் வளர்ந்தது, தம்பியின் மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு அதுவாகவே ஆகிவிட்டது. தம்பிக்கு ஒரு கனவு இருந்தது. கதவு ஜன்னலுக்கான கீல், தாழ்ப்பாள், பூட்டு, கைப்பிடி விற்கும் ஒரு கடை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, முனையில், இரண்டு பக்கமும் வாசல் வைத்த ஓர் இடத்தைப் பார்த்து வைத்திருந்தார். டைல்ஸ் இன்னும் கொஞ்சம் ஏறினால் முன்பணம் கட்டிவிடலாம் என்பது கணக்கு.

அந்தக் கம்பெனிக்குப் புது நிர்வாகம் வந்தது. கீழே தண்ணீர் விழும் சுவர் ஒன்று கட்டினார்கள். அழகான கையெழுத்துக்காரரை அனுப்பிவிட்டார்கள். லிஃப்டின் கம்பிவடத்தில் இழைகள் அறுந்து முள்ளு முள்ளாக நிற்பதை இவர் பார்த்து, மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். "அடுத்த காலாண்டில் பார்க்கலாம்" என்று கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதினார், அதே பதில். மூன்றாவது தடவை அவர் எழுதவில்லை. மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஒன்பது மாடியும் படியில் இறங்கி வந்துவிட்டார். அவருடைய மேலதிகாரிக்குப் போன் பறந்தது. பத்தே நாளில் அந்த லிஃப்டின் ஒப்பந்தம் இன்னும் மலிவாகச் செய்யும் வேறு ஆட்களுக்குப் போயிற்று. பூட்டை அறுத்து, லிஃப்டை அதே வடத்தோடு ஓட்டுகிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டார்.

அந்த வாரம் கம்பெனியின் ஆண்டறிக்கை வந்தது. பராமரிப்புச் செலவு பாதியாகியிருந்தது. லாபம் என்றுமில்லாத உயரம்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னார். தம்பி சீட்டு எழுதினார்: டைல்ஸ், முழுவதும், விற்கவும். விலை நானூற்றுப் பன்னிரண்டு.

இந்த இடத்தில், கம்பெனி கவிழ்ந்தது, லிஃப்ட்காரர் சொன்னது பலித்தது என்று எழுத முடிந்தால் எனக்கும் நன்றாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. விற்ற மறுவாரமே ஏறத் தொடங்கியது. நானூற்று ஐம்பது, ஐந்நூறு, ஐந்நூற்று எழுபது. ஐந்து மாதத்தில் அறுநூற்று நாற்பது. விற்காமல் இருந்திருந்தால் முனைக்கடைக்கு முன்பணம் கட்டி, கையிலும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். விற்று வந்த பணம் அந்த முன்பணத்துக்கு எட்டவில்லை. இடத்துக்காரர் இரண்டு தடவை தவணை கொடுத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடிக் கடை வைக்கிற ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்.

மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்திருந்த மனிதர் மாறிப்போனார். ஆண்டறிக்கை இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போனை எடுத்து ஒரே ஒரு விலையைப் பார்ப்பார். அவரிடம் இப்போது இல்லாத பங்கின் விலையை. சாப்பாட்டு டப்பா பாதியோடு மூடப்படும். "என்ன, நம்மாளு எப்படி இருக்கார்?" என்று நான் கேட்டதற்கு, "நம்மாளெல்லாம் யாருமில்ல மேடம்" என்றார்.

கீழே அவர் மனைவியிடம் கேட்டேன். ஊசியைப் பிரித்துக்கொண்டே சொன்னார்: "மூணு ஞாயித்துக்கெழமையா தம்பி வீட்டுக்குப் போகல. கணக்க மட்டும் போன்ல அனுப்பிடறாரு. காலையில பத்து மணிக்குச் சட்டைய மாட்டிக்கறாரு, வாசல் வரைக்கும் போறாரு, செருப்பத் தொடைக்கறாரு, திரும்பி வந்து உக்காந்துக்கறாரு. ஏற்கெனவே பளபளன்னு இருக்கு அந்தச் செருப்பு." வழக்கமாகக் குத்தும் குரல் அன்று குத்தவில்லை.

நான்காவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு எங்கள் அலுவலக வாசலில் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். லிஃப்டில் "வேலை நடக்கிறது" பலகை தொங்கியது. அதனால் படியேறி வந்திருக்கிறார். "மேல லிஃப்ட் வேல பாக்கறவரு என் அண்ணன். மோட்டார் ரூமுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" நெற்றியும் காதும் அப்படியே லிஃப்ட்காரர்தான். இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் இருந்தன.

நான் வழிகாட்டக் கூடவே போனேன். ஐந்தாவது மாடித் திருப்பத்தில் அவர் நின்றார். என் பார்வை அவர் கையில் பட்டதைக் கவனித்திருக்க வேண்டும். "பதினோரு வருஷம் ஆச்சு" என்று தானாகவே சொன்னார், பழைய வீட்டு முகவரியைச் சொல்கிற மாதிரி.

"நான் கூண்டு மேல நிக்கறேன். அண்ணன் மேல மோட்டார் ரூம்ல, பிரேக்க கையில புடிச்சிக்கிட்டு. கம்பிக்கு நடுவுல என் கை இருக்கு. 'விடாதே'ன்னு கத்தினேன். அந்தக் குழிக்குள்ள சத்தம் எப்டி மோதுமோ. மேல அவருக்கு 'விடு'ன்னு மட்டும் கேட்டிருக்கு. விட்டுட்டாரு. அரை அடிதான் எறங்கிச்சு."

ஆறாவது மாடிக்கு ஏறினோம். சீட்டுகள் நிறைந்த பிஸ்கட் டின் என் நினைவுக்கு வந்தது. காதை ஃப்ராடு என்று லிஃப்ட்காரர் சொன்னதும்.

"நஷ்டஈடு குடுத்தாங்க. பேங்க்ல போட்டு வெச்சிருந்தேன். ஆனா அண்ணன் வர்றதே இல்ல. ஒரே ஊரு, ஒரே பஸ்ஸு. எதிர்ல பாத்தாகூட எங்கயோ பாத்துக்கிட்டுப் போவாரு. ஏழு மாசம் பாத்தேன். அப்புறம் அந்தப் பணத்தத் தூக்கிட்டுப் போயி, 'எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியல, நீதான் பாத்துக்கணும், வாரா வாரம் வந்து கணக்கு சொல்லணும்'னு சொல்லிட்டேன்." கைப்பிடிச் சுவரில் சாய்ந்து சிரித்தார். "எனக்குப் புரியாம என்ன மேடம்? நான் அவருக்கு முன்னாடியே ஷேர் வாங்கி, நல்லா அடி வாங்கினவன். வேற எப்டி அவர வீட்டுக்கு வரவெக்கறது? பத்து வருஷமா ஒரு ஞாயித்துக்கெழம தவறல. இப்போ இந்த டைல்ஸு வந்து கெடுத்துடுச்சு."

மோட்டார் அறைக் கதவு திறந்திருந்தது. லிஃப்ட்காரர் தரையில் மண்டியிட்டு பிரேக்கைக் கழற்றிப் போட்டிருந்தார். வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். தம்பியைக் கண்டதும், கையிலிருந்த ஸ்பேனரை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு தடவை இடம் மாற்றி வைத்தார். தம்பி அந்த அறையின் நிலைப்படியைத் தாண்டுவதற்கு முன் ஒரு நொடி தயங்கியதை நான் பார்த்தேன். தாண்டி உள்ளே போய், கவிழ்த்து வைத்திருந்த பெயின்ட் டப்பாவின்மேல் உட்கார்ந்தார். நான் வெளியே படியிலேயே நின்றுகொண்டேன். போய்விட்டிருக்கலாம். போகவில்லை.

"மூணு வாரமா எங்க போன?"

"கணக்கு அனுப்பினேனேடா."

"கணக்கு வந்துச்சு. நீ வரல."

லிஃப்ட்காரர் கழிவுப் பஞ்சால் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அந்த முனைக்கடை போயிடுச்சுல்ல. நேத்து அந்தப் பக்கம் போனேன். கண்ணாடியெல்லாம் எறக்கிட்டிருக்காங்க. நான் வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா இன்னிக்கு நீ அங்க தாழ்ப்பா வித்துக்கிட்டிருப்ப."

"சீட்டு எழுதினது நான்."

"நான் சொன்னதக் கேட்டுத்தானே எழுதின?"

"நீயும் நான் சொன்னதக் கேட்டுத்தானே விட்ட?"

கீழே எங்கோ ஒரு கதவு சாத்தப்பட்டது. பதினொரு வருடத்தில் அந்தப் பேச்சை இருவரும் எடுத்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு தம்பி என்னிடம் சொன்னார்.

"அத விடு" என்றார் தம்பி. "ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த டைல்ஸ் ஆபீஸ் லிஃப்ட்ல என்னைய ஏத்துவியா?"

"மாட்டேன்."

"அண்ணிய?"

"மாட்டேன்டா."

"இப்போ அறுநூத்தி நாப்பது ஆயிடுச்சே. இப்போ?"

"அறுநூத்தி நாப்பது ஆனா ரோப்பு என்ன புதுசா மொளச்சிடுமா?" சட்டென்று பழைய குரல் வந்துவிட்டது. பேச்சில் ஒரு காரம்.

"அப்போ வித்தது சரி. வெல ஏறினது அவங்க அதிர்ஷ்டம். அதுக்கு நீ ஏன் செருப்பத் தொடச்சுக்கிட்டு உக்காந்திருக்க?"

"யாரு சொன்னா?"

"அண்ணிதான். வேற யாரு சொல்லுவா?"

லிஃப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்தேன். அழுதார்தான், ஆனால் நடுவில் சிரிப்பும் கலந்துவிட்டது. இரண்டையும் ஒரே பஞ்சால் துடைத்துக்கொள்ள, கன்னத்தில் கிரீஸ் நீளமாக இழுபட்டது.

தம்பி சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். முனைக்கடைக்கு நாலு கடை தள்ளி, மாடிப்படிக்குக் கீழே, பாதி ஷட்டர் அளவுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு பக்க வாசலெல்லாம் இல்லை. உயரமான ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. "தாழ்ப்பா வாங்க வர்றவன் டான்ஸா ஆடப் போறான்?" முன்பணத்துக்கு, டைல்ஸ் விற்று வைத்திருக்கும் பணத்தோடு இன்னும் இரண்டு பங்குகளை விற்க வேண்டும். "எத விக்கறதுன்னு நீ சொல்லு. எழுதித் தர்றேன்."

"நீயே சொல்லேன். ஒனக்குத் தெரியாததா?" என்றார் லிஃப்ட்காரர். தம்பியின் பழைய தந்திரம் அவருக்கும் தெரிந்தே இருந்ததோ என்று எனக்கு அப்போது தோன்றியது. கேட்க முடியவில்லை.

"எனக்கு ஒண்ணும் புரியாது" என்றார் தம்பி, அழுத்தமாக.

லிஃப்ட்காரர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். இருவரும் போனில் பட்டியலைத் திறந்து குனிந்தார்கள். சோப்பு கம்பெனியா, சைக்கிள் கம்பெனியா, கம்பி கம்பெனியா என்று ஒவ்வொன்றாக விசாரணை நடந்தது. பேட்டரியைத் தம்பி சொன்னபோது, "அத வித்தா ஒங்கண்ணி என்னைய வீட்டுக்குள்ள விடமாட்டா. அவ சுத்திப் பாத்த ஒரே ஊரு" என்றார் இவர். கடைசியில் சோப்பும் சைக்கிளும் என்று முடிவாயிற்று. தம்பி வலது கையால் எழுதினார். தாள் நகராமல் இடது கையின் இரண்டு விரல்கள் அழுத்திக்கொண்டன. இவர் அதை வாங்கி ஒரே ஒரு தடவை படித்தார்.

இதை எழுதும்போது அந்த டைல்ஸ் பங்கு எழுநூறைத் தாண்டியிருக்கிறது. மாடிப்படிக் கடையில் வியாபாரம் பரவாயில்லை.

அன்று பேச்சு முடிவதற்குள் கீழேயிருந்து குரல்கள் வரத் தொடங்கிவிட்டன. இரண்டாவது மாடிப் பல் மருத்துவரிடம் வந்த முதியவர் ஒருவர் படியேற முடியாமல் நிற்கிறார். லிஃப்ட் எப்போது ஓடும் என்று காவலாளி கேட்டார். "பத்து நிமிஷம்!" என்று கத்திவிட்டு லிஃப்ட்காரர் மறுபடி மண்டியிட்டார். பிரேக்கின் உட்பக்கம் இருட்டு. ஜன்னல் வெளிச்சம் அங்கே எட்டவில்லை. அவர் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, விரலால் தடவித் தடவி ஆணியைத் தேடினார்.

தம்பி டப்பாவிலிருந்து எழுந்து போய் அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கருவிப் பெட்டிக்குள் கிடந்த டார்ச்சை எடுத்து, இடது கையின் இரண்டு விரல்களுக்கிடையே செருகிக்கொண்டார். அண்ணனின் கை போகும் இடத்துக்கு ஒரு கணம் முன்பாகவே வெளிச்சத்தைக் கொண்டுபோய் வைத்தார்.